டெலிவிஷன் தோட்டம்

தோட்டம் போடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று நம் நேயர்களைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வார்கள். மண் வேண்டும்; விதை வேண்டும்; தண்ணீர் வேண்டும்; அடுத்த வீட்டு ஆடு நுழையாதபடி வேலி வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். 1974-ஆம் வருஷத்தில் ஒரு கொரியாக்காரர் இந்த ஜாபிதாவில் இன்னும் ஒரு சாமானைச் சேர்த்தார். தோட்டத்துக்கு டெலிவிஷன் பெட்டிகளும் வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, டஜன் கணக்கில்!

இருண்ட மண்டபம் ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். தரை முழுவதும் தொட்டிச் செடிகள் நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கின்றன. அகன்ற இலைகளும் விசிறி போல் விரிந்த ஓலைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே, சில மல்லாந்தும் சில சாய்ந்தும், டெலிவிஷன் பெட்டிகள் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரே படம் ஓடுகிறது. ஒரு கணம் நீலம். மறு கணம் சிவப்பு. அந்த வெளிச்சம் இலைகளின் அடிப்புறத்தில் பட்டுச் செடிகளே நிறம் மாறுவது போல் தோன்றுகிறது. வெளிச்சம் என்பது வானத்திலிருந்து வரும் வஸ்து என்றல்லவா இலைகள் எண்ணியிருக்கும்? இங்கே அது வேர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. சற்று நேரம் நின்று பார்த்தால் பெட்டிகள் பெட்டிகளாகவே தோன்றுவதில்லை. இரவில் மட்டும் மலரும் ஏதோ ஒரு ஜாதிப் பூக்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

நவராத்திரிக் கொலு வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வித்தையின் பால பாடம் தெரியும். கேழ்வரகும் வெந்தயமும் முளைக்க விட்டு வயல் என்பார்கள்; முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்திக் குளம் என்பார்கள். உயிருள்ள பயிரும் உயிரில்லாத பிம்பமும் அங்கே சண்டையின்றிச் சேர்ந்திருக்கும். கொரியாக்காரர் கண்ணாடிக்குப் பதிலாக டெலிவிஷனைக் கிடத்தினார், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டோம். ஆனால் தோட்டம் போட்டு அரை நூற்றாண்டு சென்ற பிறகு அதன் பராமரிப்பைக் கவனித்தால், முதலில் யாரும் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்படுகிறது. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதப் புகுந்தோம். அதற்கு முன்னால் தோட்டக்காரரைச் சற்று அறிமுகம் செய்து கொள்வோம்.

தோட்டக்காரர்

அவருடைய பெயர் நம் ஜூன் பைக். பெயரின் தொடக்கத்திலேயே 'நம்' என்று இருப்பதால் அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாட நமக்குச் சபலம் உண்டாகிறது. ஆனால் எந்த ஊரும் அவரை முழு உரிமை கொண்டாட முடியாதபடி காலம் அவரை அலைக்கழித்துவிட்டது. 1932-ஆம் வருஷம் ஜூலை மாதம் 20-ஆம் தேதி கொரியாவின் தலைநகரான ஸியோலில், வசதி படைத்த நெசவாலை முதலாளி ஒருவரின் குடும்பத்தில் அவர் பிறந்தார். அப்போது கொரியா ஜப்பானியருக்கு அடிமைப்பட்டிருந்தது. 1910 முதல் 1945 வரையில் அந்த அடிமைத்தனம் நீடித்தது. சொந்த ஊரிலேயே அந்நியக் கொடியின் கீழ்ப் பிறப்பது எப்படிப்பட்ட அநுபவம் என்பதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விடுதலை வந்தது, ஆனால் நிம்மதி வரவில்லை. 1950-இல் கொரியா யுத்தம் மூண்ட காலத்தில் குடும்பத்தார் நாட்டை விட்டு வெளியேறினார்கள். ஹாங்காங் வழியாக அவர்கள் போய்ச் சேர்ந்த இடம், எந்த நாடு தங்களை ஆண்டதோ அந்த ஜப்பான்தான். விதியின் பரிகாசம் சில சமயம் இப்படித்தான் இருக்கும். டோக்கியோ சர்வகலாசாலையில் படித்து 1956-இல் பட்டம் பெற்ற இளைஞர், அதே வருஷம் சங்கீதம் பயில்வதற்காக மேற்கு ஜெர்மனிக்குப் பிரயாணமானார். பிறகு 1964-இல் நியூயார்க் சென்றார். விட்டு வந்த தாய்நாட்டின் மண்ணை அவர் மறுபடி மிதித்தது 1984-இல். அதாவது 34 வருஷங்களுக்குப் பிறகு! வேரோடு பெயர்ந்து போன ஒரு மனிதர் தொட்டிச் செடிகளைக் கொண்டு தோட்டம் அமைத்ததில் நமக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஜெர்மனியில் 1958-இல் அவர் ஜான் கேஜ் என்னும் அமெரிக்க சங்கீத வித்வானைச் சந்தித்தார். எந்த ஓசையும் சங்கீதமாகலாம், மௌனமும் சங்கீதத்தில் சேர்ந்ததே என்பது கேஜின் சித்தாந்தம். இந்தக் கேஜுக்கு 1946-இல் நியூயார்க்கில் இந்திய சங்கீதத்தைப் போதித்தவர் ஆமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் என்னும் அம்மையார். பதிலுக்கு அம்மையார் கேஜிடம் மேனாட்டு சங்கீதம் கற்றுக்கொண்டார். ஆகவே பைக்கின் தோட்டத்துக்குப் பாய்ந்த தண்ணீரில் நம் தேசத்து ஊற்றின் துளி ஒன்றும் கலந்திருந்தது என்று சொல்வது மிகையாகாது.

கோணலும் கலையே

எந்த ஓசையும் சங்கீதமாகலாம் என்றால், எந்த வெளிச்சமும் ஏன் சித்திரமாகக் கூடாது? இந்தக் கேள்விக்குப் பதிலாக 1963-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் ஒரு வீட்டுக் கலைக்கூடத்தில் பைக் தம் முதல் கண்காட்சியை நடத்தினார். வாசலில் அப்போதுதான் வெட்டிய மாட்டுத் தலை ஒன்று தொங்கியது. நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக் கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்போம். அவ்வூர் அதிகாரிகளும் அதைச் சகிக்காமல் அப்புறப்படுத்திவிட்டார்கள். உள்ளே சென்றவர்கள் கண்டதோ இன்னும் விசித்திரம். 13 டெலிவிஷன் பெட்டிகள் இருந்தன. ஒன்றிலாவது படம் ஒழுங்காகத் தெரியவில்லை. எல்லாம் கோடும் கோணலும் சுழியுமாகத் தெரிந்தன.

அவற்றில் ஒரு பெட்டி கொண்டு வரும் வழியில் பழுதாகிவிட்டது. படுக்கைவாட்டில் ஒரே ஒரு வெளிச்சக் கோட்டைத் தவிர அதில் எதுவும் தெரியவில்லை. நாமாக இருந்தால் ரிப்பேர்க்காரருக்கு ஆள் அனுப்பியிருப்போம். பைக் அந்தப் பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார். படுத்திருந்த கோடு எழுந்து நின்றது. இருட்டில் ஒற்றைத் தீபச் சுடர் போல் நின்ற அந்தக் கோடு இன்றைக்கு அவருடைய புகழ் பெற்ற படைப்புக்களில் ஒன்று.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பழைய டெலிவிஷன் பெட்டியின் உயிர் நிலை 'பிக்சர் ட்யூப்' என்னும் கனத்த கண்ணாடிக் குழாய். அதற்குள் காற்றை அகற்றிவிட்டு, பின்பக்கத்துக் கழுத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை ஒன்றை முன்பக்கக் கண்ணாடியை நோக்கிப் பாய்ச்சுவார்கள். கண்ணாடியின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு ஒன்று உண்டு. கற்றை பட்ட இடம் பளிச்சிடும். அமெரிக்கப் பெட்டிகளில் அந்தக் கற்றை 525 வரிகளை ஓடி ஓடி எழுதி, விநாடிக்கு 30 முறை முழுப் படத்தையும் முடித்துவிடும். கற்றையை இடமும் வலமும் மேலும் கீழும் வளைப்பது காந்த சக்தி. இந்த இரகசியத்தைப் பிடித்துக் கொண்ட பைக், 1965-இல் ஒரு பெரிய காந்தத்தைப் பெட்டியின் தலைமேல் தூக்கி வைத்தார். உடனே உள்ளே இருந்த படம் பட்டு நூல் சிக்கியது போல் சுழன்று அழகிய உருவம் கொண்டது. அதே வருஷத்தில் காந்தங்களைக் கொண்டே, காமிரா இல்லாமல், திரையில் பிறை முதல் பூரணம் வரையில் சந்திரனை உதிக்கச் செய்தார். உலகத்தின் ஆதி டெலிவிஷன் சந்திரனே என்று அந்தப் படைப்புக்கு அவர் பெயரும் சூட்டினார். குழந்தைக்கு நிலாக் காட்டிச் சோறு ஊட்டிய தாய்மார்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

முட்டை, மீன், மெழுகுவர்த்தி

யந்திரத்தின் உள்ளே இயற்கையைக் கண்ட பிறகு, யந்திரத்தையும் இயற்கைப் பொருளையும் எதிரெதிரே உட்கார வைப்பதுதானே அடுத்த படி? 1974-இல் ஒரு பழைய புத்தர் விக்கிரகத்தை எடுத்து, அதன் எதிரே ஒரு டெலிவிஷனை வைத்தார். டெலிவிஷனுக்குப் பின்னால் ஒரு காமிராவை நிறுத்தினார். காமிரா புத்தரைப் பார்க்கிறது. புத்தர் திரையைப் பார்க்கிறார். திரையில் புத்தர் தெரிகிறார். நியூயார்க் கண்காட்சி ஒன்றில் காலியாக இருந்த ஓர் இடத்தை நிரப்புவதற்காகவே அதை அவர் அமைத்தார் என்று சொல்வார்கள். இடத்தை நிரப்ப வந்தது கடைசியில் அவர் பெயரையே நிலைநிறுத்திவிட்டது. அது தியானமா, அல்லது தன்னைத் தானே பார்த்து மயங்கும் பைத்தியமா என்று இன்றளவும் வாதம் நடக்கிறது. கைபேசியில் தம் முகத்தையே நாளுக்குப் பத்துத் தடவை படம் பிடித்துப் பார்க்கும் இந்தக் காலத்து மனிதருக்கு அந்த வாதத்தில் கலந்து கொள்ள எல்லாத் தகுதியும் உண்டு.

1975-இல் மீன் தொட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு டெலிவிஷனை நிறுத்தினார். தொட்டியில் உயிர் மீன்கள் நீந்துகின்றன. பின்னால் உள்ள திரையில் மெர்ஸ் கன்னிங்ஹாம் என்னும் நடன மேதை ஆடுகிறார். மீன் ஒன்று ஆடுகிறவரின் தோளைத் தாண்டிப் போகிறது. நடனம் தண்ணீருக்குள் நடக்கிறதா, அல்லது மீன் காற்றில் மிதக்கிறதா என்று கண்ணுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நடனம் ஒவ்வொரு தடவையும் அதே நடனந்தான். மீனோ ஒரு முறை போன வழியில் மறுமுறை போவதில்லை.

அதே வருஷத்தில் இன்னொரு காரியம் செய்தார். ஒரு டெலிவிஷன் பெட்டியின் குடலையெல்லாம் பிடுங்கிவிட்டு, வெறும் கூட்டுக்குள் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார். பின்னால் 1980-களில் உண்மையான முட்டை ஒன்றைக் காமிராவுக்கு முன் வைத்து, அதன் பிம்பத்தைச் சிறிதிலிருந்து பெரிதாகப் போகும் திரைகளின் வரிசையில் காட்டினார். முட்டை இருந்தபடியே இருக்கிறது. பிம்பம் மட்டும் பெட்டிக்குப் பெட்டி வளர்ந்து கொண்டே போகிறது. மெழுகுவர்த்திக்கும் அப்படியே ஒரு காமிராவை வைத்து, அதன் சுடரைச் சுவர்களில் வெவ்வேறு வர்ணங்களில் பெரிதாக விழச் செய்தார். பார்க்கிறவர் பக்கத்தில் நடந்தால் காற்று அசைகிறது, சுடர் நடுங்குகிறது, அறை முழுவதும் நடுங்குகிறது. ஒரு சின்னஞ்சிறு உண்மை அசைந்தால் எவ்வளவு பெரிய பிம்பமும் அதோடு அசையத்தான் வேண்டும் என்பதை இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்?

இந்த வழியில் அவர் தனியாக நடக்கவில்லை. 1977-இல் அவரை மணந்த ஷிகேகோ குபோடா என்னும் ஜப்பானியப் பெண்மணி, கணவரின் நிழலில் ஒதுங்கி நின்றவர் அல்ல. தாமே இந்தக் கலையில் ஒரு முதல்வர். தண்ணீர் நிரம்பிய உலோகத் தொட்டி ஒன்றின் மேல் டெலிவிஷன்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மோட்டாரால் அலை எழுப்பி, படங்களை அந்த அலையில் உடைந்து உடைந்து சேரச் செய்தார். அதற்கு 'ஆறு' என்று பெயர். 1985-இல் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி அவர் அமைத்த சிற்பத்தில் படத்தில் விழும் நீரும் உண்டு. உண்மையில் விழும் நீரும் உண்டு. 1996-இல் பக்கவாதம் கண்டு பைக் சக்கர நாற்காலியில் ஒடுங்கிய பிறகு, 2006 ஜனவரி 29-இல் அவர் மயாமியில் காலமாகும் வரையில், அவரைப் பேணியவரும் இந்த அம்மையாரே. 2015-இல் அவரும் மறைந்தார்.

எது அழியும்?

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம்.

செடியையும் டெலிவிஷனையும் ஒன்றாக வைத்த அன்று பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பாவம், செடிகளுக்கு ஆயுள் கொஞ்சம். இருட்டு அறையில் எத்தனை நாள் தாங்கும்? யந்திரமோ இரும்பும் கண்ணாடியும். அது என்றைக்கும் இருக்கும். இப்படித்தான் நினைத்திருப்பார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. செடிக்கு வெளிச்சம் வேண்டும்; படத்துக்கு இருட்டு வேண்டும். செடிக்கு ஈரம் வேண்டும். மின்சாரப் பெட்டிக்கு ஈரம் ஆகாது. இந்த நான்கு நிபந்தனைகளையும் ஒரே அறையில் நிறைவேற்றுவது மாமியாரையும் மருமகளையும் ஒரே சமையலறையில் திருப்தி செய்வதற்கு ஒப்பான காரியம்.

ஆனால் நடந்தது வேறு. செடி வாடினால் நாற்றுப் பண்ணையிலிருந்து வேறு செடி வருகிறது. 2019-இல் லண்டன் நகரத்து டேட் மாடர்ன் காட்சிசாலையில் இந்தத் தோட்டத்தை மறுபடி அமைத்தபோது, இலைகள் 1974-இல் இருந்தது போலவே பசுமையாகத்தான் இருந்தன. இயற்கை தன் பிரதிகளை அச்சிடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியது மனிதன். கனத்த பிக்சர் ட்யூப் வைத்த பெட்டிகளை வீட்டு உபயோகத்துக்காகச் செய்து வந்த பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் அதைக் கைவிட்டுத் தட்டைத் திரைக்கு மாறிவிட்டன. நம் வீடுகளிலும் அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். ஒரு காலத்தில் கூடத்தில் குலதெய்வம் போல் வீற்றிருந்து, ஞாயிற்றுக்கிழமை தெருவையே வாசலில் கூட்டிய பெட்டி அது! காட்சிசாலைகள் அப்படித் தூக்கிப் போட முடியாது. எங்கேயாவது பழைய பெட்டி அகப்படுமா என்று தேடி வாங்கி, ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றுக்கு வைத்துச் சிகிச்சை செய்து கொண்டிருக்கிறார்கள். செடிக்குத் தோட்டக்காரர் போதும். யந்திரத்துக்கோ வைத்தியர் தேவையாகிவிட்டது.

இந்தச் சங்கடத்தின் பிரம்மாண்டமான உதாரணம் கொரியாவிலேயே இருக்கிறது. 1988-இல் ஸியோல் ஒலிம்பிக் பந்தயங்களை ஒட்டி, குவாச்சன் என்னும் இடத்தில் உள்ள தேசியக் கலைக் காட்சிசாலையில் பைக் ஒரு கோபுரம் எழுப்பினார். உயரம் 18.5 மீட்டர். அதில் அடுக்கிய டெலிவிஷன்கள் 1,003. கொரியர்கள் தங்கள் தேசம் தோன்றிய நாளாகக் கொண்டாடுவது அக்டோபர் மாதம் 3-ஆம் தேதி. பத்தாவது மாதத்தையும் மூன்றாவது நாளையும் அந்த எண்ணில் பொதித்து வைத்தார். அந்நிய ஆட்சியில் பிறந்து, அயல் தேசங்களில் அலைந்த பிள்ளை தாய்நாட்டுக்குச் செலுத்திய காணிக்கை அது. முப்பது வருஷம் அந்தக் கோபுரம் ஒளி வீசியது. பிறகு பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடின. தீ விபத்து நேருமோ என்ற அச்சமும் பிறந்தது. 2018 பிப்ரவரியில் கோபுரம் முழுவதையும் அணைத்துவிட்டார்கள்.

அப்போது ஒரு பெரிய வாதம் கிளம்பியது. பழைய பெட்டிகளை எடுத்துவிட்டுப் புதிய தட்டைத் திரைகளை வைத்தால் அது பைக்கின் கோபுரந்தானா? வைக்காமல் இருட்டில் விட்டால் மட்டும் அது பைக்கின் கோபுரமா? ஜீரணோத்தாரணம் என்பது என்ன என்று அறிந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. கோயிலில் கல் பெயர்ந்தால் கல்லை மாற்றுகிறோம். அதனால் மூலவர் மாறிவிட்டதாக யாரும் சொல்வதில்லை. ஆனால் சிமெண்டையும் வர்ணத்தையும் அப்பினால் மனம் பதைக்கிறது. கொரியர்கள் நடுவழி ஒன்றைக் கண்டார்கள். 737 பெட்டிகளைப் பழைய ட்யூபுடனேயே பழுது பார்த்தார்கள். இனிப் பிழைக்காது என்று கண்ட 266 பெட்டிகளில் வெளிக் கூட்டை அப்படியே காத்து உள்ளே புதிய திரையைப் பொருத்தினார்கள். 2022 செப்டம்பரில் கோபுரம் மறுபடி ஒளி பெற்றது.

பைக் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தம் தோட்டத்தைக் கண்காட்சிக்குக் கண்காட்சி வெவ்வேறு செடிகளோடும் வெவ்வேறு எண்ணிக்கைப் பெட்டிகளோடும் அமைத்த மனிதர் அவர். பெட்டியையும் செடியைப் போலவே பாவித்தார். வாடினால் மாற்றலாம் என்று. ஆனால் மாற்றுவதற்கு நாற்று வேண்டுமே! வாழைக்கு அடியில் கன்று இருக்கிறது. பிக்சர் ட்யூபுக்கு ஏது கன்று?

அருவி விழாத பாறை

பைக்கின் வழித்தோன்றல்கள் இன்று கம்ப்யூட்டரைக் கையில் எடுத்துக் கொண்டிருக்கிறார்கள். ஜப்பானில் ஸாகா மாகாணத்து டகேயோ நகரில் மிஃபுனெயாமா என்னும் மலையடியில் விஸ்தாரமான நந்தவனம் ஒன்று உண்டு. 1845-இல் அமைத்தது; பரப்பு ஐந்து லட்சம் சதுர மீட்டர். 2001-இல் ஆரம்பமான 'டீம்லாப்' என்னும் கலைஞர் குழு 2015-ஆம் வருஷம் முதல் அங்கே டிஜிடல் படங்களால் சிற்பம் செய்து வருகிறது. பொழுது சாய்ந்த பின் குளத்து நீரின்மேல் ஒளியால் ஆன மீன்கள் நீந்துகின்றன. சிறு படகு ஒன்று வந்தால் அந்த மீன்கள் அதற்கேற்ப வழி மாறுகின்றன. அவை சென்ற தடமெல்லாம் வர்ணக் கோலமாகிறது. இது முன்கூட்டிப் பிடித்து வைத்த படம் அல்ல. கம்ப்யூட்டர் அந்த நிமிஷத்திலேயே கணக்கிட்டு வரைவதால் ஒரு முறை கண்ட காட்சி மறுமுறை வருவதில்லை. அந்த வகையில் பைக்கின் தொட்டியில் நீந்திய உயிர் மீனின் குணத்தை டிஜிடல் மீன் கற்றுக் கொண்டுவிட்டது என்று சொல்லலாம்.

இன்னோர் இடத்தில் புனிதமாகக் கருதும் பாறை ஒன்றின்மேல் அருவி விழுகிறது. தண்ணீர் இல்லை, ஒளி மட்டுமே. பாறையின் மேடு பள்ளங்களை அப்படியே கம்ப்யூட்டருக்குள் அமைத்து, எண்ணற்ற நீர்த்துளிகள் அதன்மேல் விழுந்தால் எப்படி ஓடும் என்று கணக்கிட்டு, அந்த ஓட்டத்தைப் பாறையின் மேல் ஒளியாகப் பாய்ச்சுகிறார்கள். கை வைத்தால் நனையாத அருவி! பார்க்கிறவர்கள் மெய்ம்மறந்து நிற்கிறார்கள். நேரம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பாறை இருட்டில் தனியாக நிற்கிறது. புரொஜெக்டர் சில வருஷங்களில் பழசாகும். கம்ப்யூட்டர் அதற்கு முன்பே பழசாகும். பாறை அதற்கெல்லாம் கவலைப்படப் போவதில்லை.

நம் வீட்டுத் திரை

இந்தக் கதையை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னோம்? இன்றைக்குத் திரை இல்லாத வீடு கிடையாது. பல வீடுகளில் ஆளுக்கொரு திரை. குழந்தை சோறு உண்பதும் திரையைப் பார்த்துத்தான். பெரியவர்கள் சண்டை போடுவதற்குக்கூட நேரமின்றித் திரையில் ஆழ்ந்திருக்கிறார்கள். திரையை உடைத்துப் போடு என்று உபதேசிப்பவர்கள் உண்டு. அப்படி உபதேசம் செய்வதும் திரையின் வாயிலாகத்தான்! பைக் உடைத்துப் போடவில்லை. அதைத் தொழவும் இல்லை. அதைச் செடிகளின் நடுவே, உயிருள்ளவற்றின் நடுவே, உயிருள்ளவற்றில் ஒன்றுபோல் படுக்க வைத்தார். மனிதரைக் கட்டிப் போடுகிற பெட்டி அங்கே போனவுடன் சாதுவாகிவிட்டது.

இதை வீட்டில் செய்து பார்ப்பதற்கு நியூயார்க்குக்கோ ஸியோலுக்கோ போக வேண்டியதில்லை. அகலமான மண் தட்டு ஒன்றில் குழந்தையின் கையாலேயே வெந்தயத்தைத் தூவச் சொல்லுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய கைபேசியால், தினம் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து, அந்தத் தட்டைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தப் படங்களை வரிசையாகத் திரையில் ஓடவிட்டு, கைபேசியை முளைகளுக்கு நடுவே, தண்ணீர் படாமல் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் நிறுத்தி வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்காருங்கள். திரைக்குள் வெந்தயம் திரும்பத் திரும்ப முளைத்துக் கொண்டிருக்கும். ஏழாம் நாளைத் தாண்டாது. வெளியே உள்ள வெந்தயம் எட்டாம் நாளுக்குப் போய்விடும்.

எது நிஜம், எது பிம்பம் என்று குழந்தைக்கு அப்போது நாம் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் அது கைபேசியைத் தேடாமல் தண்ணீர்ச் செம்பைத் தேடி வந்தால், கொரியாக்காரரின் தோட்டம் நம் வீட்டிலும் வேர் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.